இரண்டாம் அறையின் நடைவழி

சைரன் ஊதவில்லை.

மீன் குளிர்கிடங்கின் இரண்டாம் அறையில் அது ஊதியாக வேண்டும். ஊதி, உள்ளே நிற்பவர்கள் விலகிக்கொள்ள அவகாசம் கொடுத்து, அதன் பிறகுதான் கூரையை முட்டும் அந்த இரும்பு அடுக்குகள் தண்டவாளத்தில் நகரத் தொடங்கும். இன்று அவை பூனை நடையில் நகர்ந்து திறந்தன. அஃபோலேயின் காலடியில் தரை மட்டும் லேசாக அதிர்ந்தது. நிமிர்ந்து பார்த்தாள். சைரனின் வாயில் யாரோ துணியைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

“என்னடா இது?” பொத்தான் பலகையருகே நின்ற லாரியாவைக் கேட்டாள்.

“ஊர்ல சத்தத் தடை போட்டாச்சுல்லக்கா. திருவிழா தொடங்குற வரைக்கும் மேளமே அடிக்கக் கூடாதுங்கறாங்க. நம்மது மட்டும் ஊளையிட்டா பூசாரி ஆளுங்க வந்து நிக்க மாட்டாங்களா?”

அவள் சிரித்துவிட்டாள். கானாவின் துறைமுக ஊரான டெமாவில் தேவாலயங்களே ஒலிபெருக்கியை அணைத்துவிட்ட மாதம் அது. அவன் சொன்னதில் தப்பு தெரியவில்லை.

சனிக்கிழமை மதியம். மற்றவர்கள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். புதிதாகக் கட்டும் மீன் கிடங்குக்கு எந்த அடுக்கு போடலாம் என்று முதலாளியம்மா அஃபோலேயைத்தான் கேட்டிருந்தாள். முதல் அறையில் இருப்பவை நிலையான அடுக்குகள். பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி குகைக்குள் நுழைவதுபோல அவற்றுக்குள்ளேயே போய்ப் பெட்டிகளை வைத்துவிட்டு வரும். கடைசியாக வைத்தது முதலில் வெளியே வரும். ஆழத்தில் கிடக்கும் பழைய மத்தி அங்கேயே கிடக்கும். இரண்டாம் அறையில் இந்தத் தொல்லை இல்லை. மொத்த அறைக்கும் நடைவழி ஒன்றே ஒன்று. வேண்டிய இடத்தில் பொத்தானை அமுக்கித் திறந்துகொள்ளலாம், வேண்டிய பெட்டியை எடுக்கலாம். இடமும் ஏகத்துக்கு மிச்சம். கணக்குப் பார்த்தால் இரண்டாம் அறைதான் ஜெயிக்கும்.

ஆனால் போன வருஷம் கூட வேலை செய்த ஒடார்ட்டே அங்கேதான் நசுங்கிச் செத்தான். உள்ளே போகிறவன் சாவியை உருவிப் பையில் போட்டுக்கொள்ள வேண்டும், சாவி இல்லாமல் அடுக்கு அசையாது என்பது விதி. சாவியை எடுக்காமல் போய்விட்டான் என்று லாரியா அழுதுகொண்டே சொன்னான். ஒடார்ட்டேயின் அம்மாவிடம் அதைப் போய்ச் சொன்னவள் அஃபோலே. அவள் சொன்னதால்தான் அந்த அம்மா நம்பினாள்.

அதனால் சற்றுமுன் சாப்பிடும்போது லாரியாவிடம் மனதில் உள்ளதைச் சொல்லிவிட்டாள். “நகர்ற அடுக்கு வேணாம்னு சொல்லப் போறேன்டா. பழைய மாதிரியே போதும்.”

நகரும் அடுக்கு வந்தால் புதுக் கிடங்கின் மேலாளர் அவன்தான் என்று பேச்சு இருந்தது. புளித்த சோளமாவுக் கென்கி உருண்டையை அவன் மிளகாய் அரைப்பில் தோய்த்தான். பிறகு சிரித்தான். “நீ சொன்னா சரிதான்க்கா. பேர் வெக்கிற அன்னிக்கு என் புள்ளைய முதமுதல்ல வானத்தக் காட்ட உன் கையிலதானே குடுத்தேன், உன் குணம் வரட்டும்னு.”

இப்போது நடைவழியின் வாயில் நின்று, “கடைசில ஒரு பேலட் சாஞ்ச மாதிரி இருக்கு, பாத்துட்டு வாக்கா” என்றான். அவள் சாவியை உருவிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தாள்.

குளிர் விசிறிகளின் ஒரே சீரான உறுமல், உறைந்த மீனின் மங்கிய வாடையோடு தொண்டையில் உறைக்கும் அம்மோனியா, இருபுறமும் மலைபோல் ஏறிய கானாங்கெளுத்திப் பெட்டிகளின் மேல் மாவு தூவியதுபோல் பனி, விட்டுவிட்டு எரியும் குழல்விளக்கில் அவளுக்கு முன்னால் நீண்டும் குறுகியும் போன அவளுடைய நிழல். கடைசியில் பெட்டிகள் அடுக்கிய பேலட் பலகை நேராகத்தான் இருந்தது.

அப்போதுதான் கேட்டது. தட்டும் ஒலி. மூடிய வரிசைகளுக்கு நடுவிலிருந்து, ஆள் நிற்க இடமே இல்லாத இடத்திலிருந்து. மெதுவாக. அவசரமில்லாமல்.

இரும்பு குளிரில் சுருங்குகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுபடியும் தட்டியது. அவள் காதுக்குப் பக்கத்தில்.

தரை அதிர்ந்தது.

வாசல் வெளிச்சம் ஒல்லியாகிக்கொண்டிருந்தது. அவள் பையில் கையை விட்டாள். சாவி இருந்தது. தரையோரத்தில், கால் பட்டால் அடுக்கை நிறுத்தும் கருவியின் விளக்கைத் தேடினாள். அது எரியவில்லை.

“லாரியா! நான் உள்ள இருக்கேன்டா!”

“தெரியும்க்கா.” பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் சாதாரணமாக வந்தது குரல். “சத்தம் போடாத.”

“சாவி என்கிட்ட இருக்குடா!”

“இன்னொண்ணு என்கிட்ட இருக்குக்கா. அன்னிக்கு ஒடார்ட்டேகிட்டயும் இருந்துச்சு.”

பயத்துக்கு முன்பே அவளுக்கு வந்தது அவமானம். எத்தனை வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அந்தத் தாயிடம் என் வாயாலேயே பொய் சொல்ல வைத்தானே, பாவி. பிறகு ஓடினாள். தோள் இடித்தது. பக்கவாட்டில் திரும்பி நகர்ந்தாள். முதுகில் பெட்டி. மார்பில் பெட்டி.

அடுக்கு நின்றது.

வாசல் விளக்கு அணைந்தது. அவன் காலடிகள் விலகின. கதவுத் தாழ்ப்பாள் விழுந்தது. எங்கோ மேலே ஒரு சின்னப் பச்சை விளக்கு மட்டும்.

அந்த வெளிச்சத்தில் அவள் மூச்சு வெண்புகையாய் எழுந்தது. தட்டும் ஒலி நின்றிருந்தது. கேட்பதற்காக அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

புகை நிற்கவில்லை.

அவள் முகத்துக்கு எதிரே, பெட்டிகளின் இடுக்கிலிருந்து, ஒடார்ட்டேயின் உயரத்தில் வந்தது. ஒடார்ட்டே மட்டும் இல்லை; அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால், குள்ளமாக, இன்னொன்று. வரிசையின் இருட்டு முடியும் வரை, ஆள் உயரங்களில், மெல்ல, வெள்ளையாக, மூச்சு வந்துகொண்டிருந்தது.