முக்கோணம் போட்ட சக்கரம்

பையின் அடி கிழிந்தது மழையில். பந்துகள் கொட்டின கடைக்குள்.

மஞ்சள் பந்துகள்... ஆரஞ்சுப் பழ அளவு. பத்தும் பத்துத் திசையில் ஓடின. ஒன்று மேஜைக்கு அடியில், ஒன்று பசை டின்னுக்குப் பின்னால். இன்னொன்று நேராகப் போய், லேத்தின் முன் நின்றவனின் செருப்பில் முட்டி நின்றது.

அவன் இயந்திரத்தை நிறுத்தினான். குனிந்து பந்தை எடுத்தான். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினான். அதற்கப்புறம்தான் நிமிர்ந்து பார்த்தான்.

இமையில் மழைத்துளியோடு அவள். ரப்பர் தூசி படிந்த அந்தப் பட்டறையில் அவன் கண்கள் மட்டும் இப்போதுதான் துடைத்து வைத்த மாதிரி இருந்தன... சீ, வந்த வேலையைப் பார் என்று அவள் தன்னையே அதட்டிக்கொண்டாள்.

"பந்துக் கடை அடுத்த தெரு, மேடம்."

"இது ரப்பர் கடைதானே?"

"ஆமா."

"அப்ப சரியாத்தான் வந்திருக்கேன்."

மூலையில் ஃபோனும் கையுமாக உட்கார்ந்திருந்த அவனுடைய அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். "தம்பி, உன் வாய்க்கு ஆள் வந்தாச்சுடா!"

அச்சு இயந்திர உருளைகளுக்கு ரப்பர் போட்டுக் கொடுக்கும் கடை அது. அவள் நீட்டியதோ உள்ளங்கை அகலத்தில் ஒரு சின்னச் சக்கரம். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்ன பண்ணும்?"

"பந்து எறியும்."

கல்லூரிகளுக்கு இடையே ரோபோ போட்டி. பதினைந்தடி தள்ளி, எட்டடி உயரத்தில் ஒரு கூடை. ரோபோ பத்துப் பந்து எறிய வேண்டும், குறைந்தது ஏழு விழ வேண்டும். இல்லையென்றால் முதல் சுற்றோடு மூட்டை கட்ட வேண்டியதுதான். அவர்கள் குழுவில் எறியும் பொறி அவளுடைய வடிவமைப்பு. மோட்டார் சக்கரத்தைச் சுழற்றும். மேலே வளைந்த தகடு. இரண்டுக்கும் நடுவில் பந்து நசுங்கிப் பிதுங்கிப் பறக்க வேண்டும். பறக்கவில்லை. மொட்டைப் பிளாஸ்டிக் சக்கரம் வழுக்கியது. நாலு மாத உழைப்பு, நாலடி தூரத்தில் விழுந்துகொண்டிருந்தது.

இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் குறுக்கே பேசவே இல்லை. யாரும் தன் பேச்சை இவ்வளவு நேரம் கேட்டதில்லை என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"வியாழக்கிழமை வாங்க," என்றான்.

"இன்னிக்கே கிடைக்காதா?"

"பச்சை ரப்பரைச் சுத்தணும், ஈரத்துணி கட்டணும், நீராவியில வேகணும், ஆறணும், கடையணும். நாலு மாசம் பொறுத்தீங்க, மூணு நாள் பொறுக்க மாட்டீங்களா?"

சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு வட்டம் போட்டான். அலமாரியில் இருந்த உருளைகளிலெல்லாம் இப்படித்தான்... கட்டம், நட்சத்திரம், முக்கோணம். பெயர் எதிலும் இல்லை.

"பேர் எழுத மாட்டீங்களா?"

"ஒருத்தர் வேலையை இன்னொருத்தர்கிட்ட சொல்றதில்ல. கடை வழக்கம்."

வீட்டுக்குப் போய்ப் பந்துகளை எண்ணினாள். ஒன்பதுதான் இருந்தன.

*

வியாழக்கிழமை, கண்ணாடியும் கூட வந்தான். அவர்கள் குழுவில் நிரல் எழுதுபவன். கண்ணாடி போட்டதால் கண்ணாடி. மழை விட்ட பிறகும் அவள் தலைக்கு மேல் குடையைப் பிடித்துக்கொண்டே நடக்கிற ரகம்.

கடை வாசலிலேயே அவள் கால் நின்றுவிட்டது.

உள்ளே குதிரைவால். போட்டிக் கல்லூரியின் குழுத்தலைவி. போன வருடம் இவர்களை மண்ணைக் கவ்வ வைத்தவள். மேஜையில் முழங்கையை ஊன்றி ஏதோ சொல்கிறாள்... அவன் சிரிக்கிறான். பல் தெரிய!

தன்னிடம் அவன் இப்படிச் சிரித்தானா? திங்கட்கிழமை கடையில் நடந்ததை முழுக்க மனதில் ஓட்டிப் பார்த்தாள். ஒரு பல்கூடத் தெரிந்த ஞாபகம் இல்லை.

குதிரைவால் வெளியே வந்தாள். "ஹாய்" என்றாள். அந்த முடி ஒரு ஆட்டம் ஆடிவிட்டுப் போனது. இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்களோடது ரெடி." அவன் வட்டம் போட்ட சக்கரத்தை நீட்டினான். அப்படி நீட்டும்போது அவன் பார்வை அவள் மேல் இல்லை, குடை மேல் இருந்தது. சிரிப்பும் போய்விட்டிருந்தது.

ஓஹோ... அவளுக்குச் சிரிப்பு, எனக்கு மூஞ்சியா?

மேஜை ஓரத்தில் ஒரு சக்கரம் ஆறிக்கொண்டிருந்தது. முக்கோணம் போட்டது. இவள் சக்கரத்தின் அதே அளவு. விரலால் அழுத்தினாள். அல்வா மாதிரி அமுங்கியது. தன்னுடையதை அழுத்தினாள். கல் மாதிரி நின்றது.

"அது யாரோடது?"

"ஒரு வாடிக்கையாளரோடது."

"இப்ப போனாங்களே, அவங்களோடதா?"

அவன் அந்தச் சக்கரத்தை மேஜையின் உள்பக்கமாக நகர்த்தினான்.

"அவங்களுக்கு மெத்துமெத்துன்னு... எனக்கு மட்டும் கட்டாந்தரையா?"

"உங்க வேலைக்கு அறுபது நம்பர் கெட்டி ரப்பர்தான் சரி. மெத்து ரப்பர் எறியுறதுக்கு ஆகாது."

"நல்லதை அவங்களுக்கு ஒதுக்கிட்டு எனக்குக் காரணம் சொல்றீங்க."

"மேடம்..."

"இதை உரிச்சுட்டு அதையே போடுங்க. அவங்களுக்குப் போட்டதே எனக்கும் வேணும்!"

"ஏய், ஒரு தடவை சோதிச்சுப் பார்த்துட்டு..." என்று கண்ணாடி இழுத்தான்.

"நீ சும்மா இரு!"

கடைக்காரன் சக்கரத்தை அவளிடமிருந்து திரும்ப வாங்கிக்கொண்டான். "சரி," என்றான். அவ்வளவுதான்.

அந்த "சரி"தான் அவளை இன்னும் சுட்டது. வாதாடக்கூடத் தோன்றவில்லையே!

"டேய்!" பின்னாலிருந்து அக்கா அலறினாள். "நீராவிப் பெட்டியைத் திறடா! நேரம் தாண்டிப் போச்சு, ரெண்டு உருளையும் கருகுது!"

*

மெத்துச் சக்கரம் அடுத்த புதன்கிழமைதான் கிடைத்தது. அக்காதான் எடுத்துக் கொடுத்தாள். அவன் தலையைத் தூக்கவில்லை. இவளும் நன்றி சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை, போட்டிக்கு முந்தின நாள். எல்லாக் குழுவினரும் அரங்கத்தில் ஒத்திகை பார்த்தார்கள்.

முதல் பந்து கூடையின் விளிம்பில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது கூடை வரைக்கும் போகவில்லை. மூன்றாவது தகட்டுக்கு நடுவில் சிக்கி, சக்கரம் முனகி நின்றது. மெத்து ரப்பர் பந்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டது, தள்ளிவிடவில்லை. தள்ளுகிற வேகம் முழுவதையும் தானே தின்றுவிட்டது. பத்துக்கு இரண்டு.

"மோட்டார் வேகத்தைக் கூட்டிட்டேன்," என்றான் கண்ணாடி. "இதுக்கு மேல கூட்டினா புகைதான் வரும்."

அடுத்த வரிசையில் குதிரைவாலின் ரோபோ நின்றது. இவள் ஓரக்கண்ணால் பார்த்தாள்... அப்படியே முழுக்கண்ணாலும் பார்த்தாள்.

முக்கோணம் போட்ட சக்கரம் மேலே இல்லை. கீழே, தரையை ஒட்டி இருந்தது. தரையில் கிடந்த பந்துகளைக் கவ்வி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. எறிவதற்கு மேலே வேறு சக்கரம், பளபளவென்று கல்லாய்.

கவ்வுகிற சக்கரத்தை, எறிகிற இடத்தில் கேட்டு வாங்கியிருக்கிறாள். சண்டை போட்டு வாங்கியிருக்கிறாள்!

அவன் சொன்னானே... எறியுறதுக்கு ஆகாது என்று. எதற்கு ஆகும் என்று மட்டும் சொல்லவில்லை. சொல்லியிருக்க முடியாது. அது குதிரைவாலின் வேலை. கடை வழக்கம்.

வெட்கம் காது நுனிவரை ஏறியது. புதிதாகப் போட்டு, வேகவைத்து, ஆறவைக்க மூன்று நாள் வேண்டும். கையில் இருப்பது ஒரு மாலைப்பொழுது.

*

கடைக்கு எதிரே கால் மணி நேரம் நின்றாள். மழை மறுபடியும் தூறத் தொடங்கியது. உள்ளே போனால் மானம் போகும். போகாவிட்டால் நாலு மாதம் போகும்.

போனாள்.

அவன் லேத்தை நிறுத்தவில்லை. அவளே பேச வேண்டியிருந்தது.

"ஆகல..."

"ம்."

"நீங்க சொன்னது சரி. நான்தான்... கண்ணு மண்ணு தெரியாம கத்திட்டேன்."

இயந்திரம் நின்றது. அவன் கைகளைத் துடைத்துக்கொண்டு அலமாரியின் மேல் தட்டுக்கு எட்டினான். காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தான்.

பிரித்தாள். வட்டம் போட்ட சக்கரம்... அதே பழையது. அழுத்தினாள், கல் மாதிரி நின்றது!

"உரிக்கச் சொன்னேனே?"

"மனசு வரல. மெத்து ரப்பரை அதே அளவுல கடைஞ்ச வேற ஒரு சக்கரத்துல போட்டுக் கொடுத்தேன்."

அன்றைக்குக் கோபத்தில் கவனிக்காததை அவள் இப்போது பார்த்தாள். ரப்பர் மேல் மெல்லிய நெசவுக் கோடுகள் இருந்தன.

"வேகவைக்கும்போது கட்டுற துணியோட அச்சு," என்றான். "எல்லாருக்கும் மழமழன்னு தேய்ச்சுக் கொடுத்துடுவேன். இதுல விட்டுட்டேன். பந்து வழுக்காது."

"வேற யாருக்கும் இப்படி விட்டதில்லையா?"

"இதுல மட்டும்தான்."

அவள் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சிக்கி நின்றது, மூன்றாவது பந்து மாதிரி. சொல்ல வேண்டியது நிறைய இருந்தது. சக்கரத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் ஓடினாள்.

*

சனிக்கிழமை. அரங்கம் நிறைந்திருந்தது. ரோபோவை இயக்கும் பெட்டி அவள் கையில், பக்கத்தில் கண்ணாடி.

முதல் பந்து... கூடைக்குள். இரண்டாவது, முதல் பந்து போன அதே வழியில் போய் உள்ளே விழுந்தது. மூன்றாவது, நான்காவது. பின்னால் குழுவே குதித்தது.

ஒரு தரம் நிமிர்ந்து பார்வையாளர் வரிசையைப் பார்த்தாள். பார்த்திருக்கக் கூடாது.

அவன் வந்திருந்தான். தலை வாரி, வெள்ளைச் சட்டை போட்டு, அக்காவோடு. அவனுக்கு மறுபக்கம், காலி நாற்காலியின் விளிம்பில் குதிரைவால். அவன் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்கிறாள்.

அவன் சிரிக்கிறான்... பல் தெரிய.

விரல் நழுவியது. ஐந்தாவது பந்து கூடையைத் தாண்டிப் பறந்து, நடுவர் மேஜையில் இருந்த தண்ணீர்ப் பாட்டிலைச் சாய்த்தது.

"என்னாச்சு?" என்றான் கண்ணாடி.

"ஒண்ணுமில்ல."

ஆறாவது பந்து விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது.

"ஏய், இன்னும் நாலுதான் இருக்கு. மூணு விழணும்! அங்க என்ன பார்க்கற?"

அவள் கண்களை இழுத்துக்கொண்டு வந்து கூடையில் நிறுத்தினாள். சிரிக்கட்டும். முப்பத்திரண்டு பல்லும் தெரியட்டும். நெசவுக்கோடு என்னுடையதில்தான்.

ஏழு, உள்ளே. எட்டு, உள்ளே. ஒன்பது, விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றி... வெளியே.

அரங்கம் மூச்சைப் பிடித்தது. சக்கரம் முழு வேகத்துக்கு வரட்டும் என்று காத்தாள். ஒன்று... இரண்டு... அழுத்தினாள்.

மஞ்சளாய் ஒரு வில் எழுந்து, கூடையின் நடுவில் இறங்கியது.

கூச்சலில் கண்ணாடி என்ன சொன்னான் என்று கேட்கவில்லை. அவள் பெட்டியை அவன் கையில் திணித்துவிட்டு நேராகப் படியேறினாள். பாதி வழியில் குதிரைவால் எதிரே இறங்கி வந்தாள்.

"வாழ்த்துகள்ப்பா. ஆனா ஒண்ணு சொல்லவா? உன்னாலதான் எனக்கு எரிச்சல்."

"என்னாலயா?"

"நான் எப்ப கடைக்குப் போனாலும், அந்த மஞ்சப் பந்து எத்தனை அடி போகும், எவ்வளவு அமுங்கும்னு என்னையே குடைவார். இப்ப என்ன சொல்லிச் சிரிச்சார் தெரியுமா? நீ பந்தைக் கொட்டின கதை. எனக்கு ஒரு நாளாவது இப்படி ஒரு கதை உண்டா?" முடியை ஆட்டிவிட்டுப் போனாள். இந்த முறை அந்த முடி அவ்வளவு மோசமாக இல்லை.

அவன் எழுந்து நின்றான். அவள் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"நல்லா எறிஞ்சீங்க."

"அந்தப் பாட்டிலையும் சேர்த்தா?"

"அது ஏன் அப்படிப் போச்சு?"

"நீங்க சிரிச்சீங்க. அதான்."

அவன் முகம் மாறியது. அக்கா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

சொல்லிவிட்டாள். இனி விழுங்க முடியாது. "அவங்க வேலையை நீங்க செய்யக் கூடாதுன்னு நான் சொல்ல மாட்டேன். செய்யுங்க. ஆனா அவங்ககிட்ட அப்படிச் சிரிக்காதீங்க. எனக்குத் தாங்கல."

"சிரிப்பு என்ன ரப்பரா, ஆளுக்கொரு நம்பர்ல போட?"

"போடணும்!"

"அவனை விடும்மா," அக்காவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. "குடை பிடிச்சுட்டு ஒரு தம்பி வந்தாரே, அன்னிக்கு இவன் ரெண்டு உருளையைக் கருக்கினான். பத்து வருஷத்துல ஒண்ணுகூடக் கருகினதில்ல!"

"அக்கா!"

"நான் தண்ணி குடிச்சுட்டு வரேன்பா." போய்விட்டாள்.

அவனுக்கும் பொறாமையா? அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "கண்ணாடிக்கு அடுத்த மாசம் நிச்சயதார்த்தம். பொண்ணுக்குக் குடை பிடிச்சுப் பழகிக்கிறான்."

அவன் நீண்ட மூச்சு விட்டான். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தான். ஒரு மஞ்சள் பந்து. கட்டைவிரல் பதிந்து பதிந்து ஒரு பக்கம் பள்ளமாகியிருந்தது.

"பத்தாவது..." என்றாள். "நீங்கதான் எடுத்தீங்களா?"

"சக்கரத்துக்கு எந்த நம்பர்னு பார்க்க எடுத்தேன். பார்த்து முடிச்சது திங்கட்கிழமையே."

"அப்புறம் ஏன் திருப்பித் தரல?"

அவன் அவள் கண்களையே பார்த்தான். கடையில் பார்த்த அதே பார்வை. இப்போது எந்த இயந்திரமும் நடுவில் இல்லை.

"சிரிப்புல எனக்குன்னு தனியா ஒரு நம்பர் போடுவீங்களா?" என்று மெல்லக் கேட்டாள்.

"போட்டாச்சு. பந்து கொட்டின அன்னிக்கே."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"ஒருத்தர் வேலையை இன்னொருத்தர்கிட்ட சொல்றதில்லையே," என்றான். "கடை வழக்கம்."

"நான் இன்னொருத்தர் இல்ல."

அவன் சிரித்தான்... பல் தெரிய. "அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்."