இடப்பக்கத்து ஜாடி

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பதரை மணி. மன்னார் மிதவை நகரக் கல்லூரியின் உடற்கூறியல் வகுப்புக்கு வந்த இருபத்தேழு பேரும் வழக்கம்போல் வாசலில் நின்று, மணிக்கட்டில் இரண்டு விரல்களை அழுத்திப் பார்த்தார்கள். நாடி இல்லை. வருகைப் பலகையில் ‘இல்லை’ என்று பதிந்துவிட்டுத் திருப்தியோடு உள்ளே போனார்கள். நாடி தெரிந்தால் நெஞ்சுக்குள் சுழலி தடுமாறுகிறது என்று பொருள். அப்படிப்பட்டவரை யாரும் வகுப்பில் உட்கார விடுவதில்லை. நேராகப் பழுதுநீக்ககத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

இருபத்தேழு பேரில் இருபத்தாறு பேருக்குப் பத்தொன்பது, இருபது வயது. கோமதிநாயகத்துக்கு அறுபத்தெட்டு. கடலின் மேல் மிதக்கும் அந்த நகரம் ஒருபக்கமாகச் சாய்ந்துவிடாமல் பார்த்துக்கொள்ளும் சமன் அறையில் முப்பத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இடக்கைப் பிடியை இழுத்தால் நகரத்தின் இடப்பக்கம் உயரும். வலக்கைப் பிடியை இழுத்தால் வலப்பக்கம். அவர் உட்கார்ந்திருந்த நாற்காலிதான் நகரத்தின் நடு.

சுழலி கட்டைவிரல் அளவுதான் இருக்கும். இதயம் இருந்த இடத்தில் அது நிற்காமல் சுற்றும். துடிப்பதில்லை என்பதால் ஓசையும் கிடையாது; குழாயில் தண்ணீர் போவதுபோல் ரத்தம் ஒரே சீராக ஓடும். இப்போது பதினெட்டு வயதிலேயே வைத்துவிடுகிறார்கள். கோமதிநாயகத்தின் காலத்தில், மிதவை நகரத்தில் கல்யாணமான மூன்றாம் நாள் கணவனும் மனைவியும் சேர்ந்து போய் இதயத்தை எடுத்துவிட்டுச் சுழலி வைத்துக்கொள்வது வழக்கம். எடுத்த இரண்டு இதயங்களையும் தூக்கி எறிவதில்லை. ஊட்டநீர் நிரம்பிய இரண்டு ஜாடிகளில் போட்டு, ஓர் இணையாகக் கல்லூரிக்குக் கொடுத்துவிடுவார்கள். அங்கே அவை அடுத்தடுத்து நின்று வருடக்கணக்காகத் துடித்துக்கொண்டிருக்கும். முதலாண்டு மாணவர்கள் அவற்றைப் பார்த்துப் படம் வரைந்து, பாகம் குறித்து, மதிப்பெண் வாங்குவார்கள்.

கோமதிநாயகத்தின் மனைவி வடிவு இறந்து இரண்டு வருடம் ஆகிறது. ஆனால் நாற்பத்து மூன்று வருடங்களுக்கு முன்பு எடுத்த அவளுடைய இதயம் கல்லூரியின் ஒன்பதாவது அலமாரியில் இன்னும் துடித்துக்கொண்டிருந்தது.

அடுத்த வருடம் முதல் பாடத்துக்கு நெகிழி மாதிரிகள் போதும் என்று கல்லூரி முடிவு செய்திருந்தது. பருவத் தேர்வோடு எல்லா இதயங்களையும் நிறுத்திவிடுவார்கள். உறவினர் விரும்பினால் ஒரே ஒரு ஜாடியை வீட்டுக்கு எடுத்துப்போகலாம். ஆனால் இயல் உறுப்பை வீட்டில் வைத்துப் பராமரிக்க உரிமம் வேண்டும். உரிமத்துக்கு, மனித உடற்கூறியலும் உடலியங்கியலும் என்ற அறிமுகப் பாடத்தில் தேறியிருக்க வேண்டும். அதனால்தான் கோமதிநாயகம் அறுபத்தெட்டாவது வயதில் நோட்டும் பேனாவுமாக வந்து முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

சேர்ந்த அன்றே, முதல் வகுப்பு தொடங்குவதற்கு முன்பே, ஆய்வகப் பொறுப்பாளர் சேகனாவிடம் போய் நின்றார்.

“இங்க வடிவுன்னு ஒரு பேரு இருக்கும். பாத்துச் சொல்லுங்க.”

“ஜாடில பேரு எழுதப்படாது அண்ணாச்சி. பேரு தெரிஞ்சா பிள்ளைங்க கை நடுங்கும்னு சட்டம். பதிவேட்டுல இருக்கும், இருங்க.” சேகனா பக்கங்களைத் தள்ளினார். “இந்தா. பதினாலாம் இணை. இடம், வடிவு. வலம், கோமதிநாயகம். அட, நீங்களும் இங்கதான் இருக்கிய!”

கோமதிநாயகம் ஒன்பதாவது அலமாரியின் முன்னால் போய் நின்றார். அவருடைய இடக்கைப் பக்கம் ஒரு ஜாடி. வலக்கைப் பக்கம் ஒரு ஜாடி. இடக்கைப் பக்கத்து ஜாடியில் இருந்த இதயம் கொஞ்சம் பெரியது, நிதானமாகத் துடித்தது. மற்றது சிறியது, படபடவென்று அடித்தது. இருபத்தைந்து வயதில் தான் எவ்வளவு அவசரக்காரன் என்பது அவருக்கு நினைவு வந்தது. சிரித்துக்கொண்டார். பிறகு இடக்கைப் பக்கத்து ஜாடியின் கண்ணாடியில் காதை வைத்தார். வெகுநேரம் காதை எடுக்கவே இல்லை.

இதயத்தை எடுப்பதற்கு முந்தின நாள் சாயங்காலம், மேல்தளத்துக் கம்பியோரம் வடிவு அவருடைய நெஞ்சில் காதை வைத்துக் கேட்டாள். ஒரு வார்த்தை பேசவில்லை. கடற்காக்கைகள் போய்த் திரும்பி வரும்வரை அப்படியே இருந்தாள். பிறகு, “இப்ப நீங்க கேளுங்க. நாளைக்கு இது இருக்காதுல்லா” என்றாள். அவரும் காதை வைத்தார். ஆனால் சுழலி நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றும், எந்த உலோகம், எத்தனை வருடம் உழைக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

“கொஞ்சம் வாய மூடிட்டுக் கேளுங்களேன்” என்றாள் வடிவு.

“கேட்டுக்கிட்டுத்தான இருக்கேன்.”

“எங்க? உங்க சத்தத்தைத்தான் நீங்க கேட்டுக்கிட்டு இருக்கிய.”

அதற்குப் பிறகும் நாற்பது வருடத்தில் எத்தனையோ தடவை அவள் அதையே சொல்லியிருக்கிறாள். சொல்லும்போதெல்லாம் அவருக்குச் சிரிப்புத்தான் வரும். அவள் போன பிறகு யோசித்துப் பார்த்தார். அன்று சாயங்காலத்தின் காற்று, அவள் சேலையின் மஞ்சள், கம்பியின் உப்பு எல்லாம் நினைவில் இருந்தன. அந்தத் துடிப்பு மட்டும் இல்லை. அதை அவர் கேட்கவே இல்லை.

முதல் வகுப்பில் பேராசிரியை ஜெசிந்தா மாணவர்களை இருவர் இருவராக எதிரெதிரே நிற்கச் சொன்னார்.

“எதிர்ல நிக்கிறவங்களோட இடது தோளைத் தொடுங்க.”

பாதிப் பேர் தவறான தோளைத் தொட்டார்கள். கோமதிநாயகமும்தான். அவருக்கு எதிரே நின்ற ரெக்சன் என்ற பையன், “அங்கிள், அது என் வலது” என்று நெளிந்தான். வகுப்பே சிரித்தது.

“இதுதான் உங்க முதல் பாடம்” என்றார் ஜெசிந்தா. “உடற்கூறியல்ல இடம், வலம்னு சொன்னா பாக்குற உங்களோட இடம் வலம் கிடையாது. உங்க முன்னால இருக்கிற உடம்போட இடம் வலம். அந்த ஆளு இடத்துல நின்னு யோசிக்கணும். இந்தக் கட்டடத்துல படம், பலகை, அலமாரி எல்லாத்துக்கும் இதே கணக்குத்தான்.”

“மேம், இது எக்ஸாமுக்கு வருமா?” என்றான் ரெக்சன்.

“முதல் கேள்வியே இதுதான்.”

இருபத்தேழு பேனாக்களும் குனிந்தன. கோமதிநாயகம் அழகான கையெழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார். அதை மனப்பாடம் செய்ய அவருக்கு ஒரு நாள் கூடத் தேவைப்படவில்லை.

பருவம் நகர்ந்தது. எலும்புகள் இருநூற்றாறு என்று படித்தார். கொட்டாவி, விக்கல், தும்மல் பற்றி எல்லாம் படித்தார். இதயத்துக்கு மூளையின் உத்தரவு வேண்டியதில்லை, தன் துடிப்பைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் என்று படித்தபோது மட்டும் புத்தகத்தை மூடி வைத்தார். தினமும் வகுப்பு முடிந்ததும் ஒன்பதாவது அலமாரிக்குப் போவார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு இடக்கைப் பக்கத்து ஜாடியோடு பேசுவார். சமன் அறையில் இப்போது இருக்கிற பயல்களுக்குக் காற்றின் போக்கு தெரியவில்லை என்பார். மாடித் தொட்டியில் அவள் வைத்த கறிவேப்பிலை பிழைத்துக்கொண்டது என்பார். பேசி முடித்த பிறகு காதை வைப்பார்.

வலக்கைப் பக்கத்து ஜாடியை அவர் திரும்பிப் பார்ப்பது அபூர்வம். அதுபாட்டுக்குப் படபடத்துக்கொண்டிருக்கும்.

“என்ன அண்ணாச்சி, அந்தப் பக்கமே பாக்க மாட்டேங்கிய?” என்று ஒருநாள் சேகனா கேட்டார். “பாவம், அதுவும் அடிச்சுக்கிட்டுத்தான கிடக்கு.”

“அதப் பாத்து என்ன செய்ய சேகனா? தினமும் கண்ணாடில பாக்கிற மூஞ்சிதான அது.”

செய்முறைத் தேர்வு வந்தது. ஒவ்வொருவரும் ஓர் இதயத்தை நிறுத்துதுளி விட்டு நிறுத்தி, எத்தனை நொடியில் அடங்கியது என்று குறிக்க வேண்டும். அதற்கு முந்தின நாள் கோமதிநாயகம் ஜெசிந்தாவின் அறைக்குப் போனார்.

“அம்மா, ஒரு வேண்டுகோள். அடுத்தவங்க இதயத்த நிறுத்த எனக்கு மனசு வரல. என்னோடதே ஒண்ணு இருக்கு. அத நானே நிறுத்திக்கிடுதேனே?”

ஜெசிந்தா பேனாவைக் கீழே வைத்தார். “உங்களுக்குக் கஷ்டமா இருக்காதா சார்?”

“எனக்கு என்ன கஷ்டம்? இத்தனை வருஷமா அது இல்லாமத்தான இருக்கேன்.”

மறுநாள் அவரே அலமாரியிலிருந்து வலக்கைப் பக்கத்து ஜாடியை எடுத்து மேசைக்குக் கொண்டுவந்தார். அது அவருடைய உள்ளங்கைகளுக்கு நடுவே கண்ணாடி வழியாக வேகமாக அடித்தது. வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்துத் தலையசைத்தார்.

கோமதிநாயகம் முதல் துளியை விட்டார். இதயம் நின்றது. எண்ண ஆரம்பித்தார். ஒன்று, இரண்டு, மூன்று. ஏழாவது நொடியில் அது ஒருமுறை துள்ளி மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.

இரண்டாவது துளி. நின்றது. ஒன்பதாவது நொடியில் மறுபடியும் எழுந்தது.

“நல்ல பிடிவாதக்கார இதயமா இருக்கே சார்” என்று தேர்வாளர் சிரித்தார்.

“என் வீட்டுக்காரியும் என்னைய அப்படித்தான் சொல்லுவா” என்றார் கோமதிநாயகம். அவளும் அதற்குக் குறைந்தவள் இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். தேர்வு நேரம் என்பதால் சொல்லவில்லை.

மூன்றாவது துளி. நின்றது. பத்து, பதினைந்து, முப்பது. அறுபது வரை எண்ணிவிட்டு, ஊட்டநீர்க் குழாயை அடைத்து, குறிப்பேட்டில் நேரத்தை எழுதினார். அவர் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. தேர்வாளர் முழு மதிப்பெண் போட்டார்.

முடிவுகள் வந்தன. நூற்றுக்குத் தொண்ணூற்று நான்கு, வகுப்பிலேயே முதலிடம். ரெக்சன் அவரைக் கட்டிப்பிடித்து, “அங்கிள், மானத்த வாங்கிட்டீங்க” என்றான். உரிமத்தில் ‘பதினாலாம் இணை, இடம்’ என்று எழுதியிருந்தது. அவர் அலமாரியில் மீதியிருந்த ஒரே ஜாடியைத் துணியில் சுற்றி, மார்போடு அணைத்து வீட்டுக்குக் கொண்டுபோனார். வடிவு உட்காரும் ஜன்னலோர நாற்காலியின் பக்கத்தில் ஒரு சிறிய மேசை போட்டு வைத்தார். பக்கத்து வீட்டார் வந்து பார்த்து, “அக்கா திரும்பி வந்த மாதிரியே இருக்கு” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் அவர் வேறெங்கும் போகவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் கல்லூரியிலிருந்து திருத்திய விடைத்தாள் வந்தது. காபியை வைத்துக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து, ஜாடிக்குப் படித்துக் காட்ட ஆரம்பித்தார்.

“கேளு வடிவு. முதல் கேள்வி. உடற்கூறியலில் இடம், வலம் என்பவை யாருடையவை? நான் என்ன எழுதியிருக்கேன் தெரியுமா? பார்ப்பவருடையவை அல்ல. எதிரே இருப்பவருடையவை. எதிரே இருப்பவரின் இடப்பக்கம் நமக்கு வலக்கைப் பக்கமாகத் தெரியும். எனவே எப்போதும் அவர் நிற்கும் இடத்திலிருந்து பார்க்க...”

படிப்பது அங்கே நின்றுவிட்டது. ஓரத்தில் சிவப்பு மையில் ஜெசிந்தா எழுதியிருந்தார்: ‘இரண்டுக்கு இரண்டு. மிகத் தெளிவான விடை.’

காபி ஆறியது. வெகுநேரம் கழித்து அவர் பேசியை எடுத்து சேகனாவை அழைத்தார்.

“சேகனா, அந்தப் பதிவேட்டுல இடம்னு போட்டிருந்ததே. அது நம்ம கைப்பக்கத்து இடமா, அலமாரியோட இடமா?”

மறுமுனையில் சேகனா உரக்கச் சிரித்தார். “என்ன அண்ணாச்சி, ஃபர்ஸ்ட் வாங்கிட்டு இதப் போய் எங்கிட்டக் கேக்கிய? அலமாரியோட இடம்தான். நமக்கு வலக்கைப் பக்கம். இங்க எல்லாமே அப்படித்தான. ஏன், என்ன விஷயம்?”

“ஒண்ணுமில்ல” என்றார் கோமதிநாயகம்.

பேசியை வைத்தார். ஜன்னலுக்கு வெளியே கடற்காக்கைகள் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தன. ஏழாவது நொடியில் அது துள்ளி எழுந்ததை நினைத்துக்கொண்டார். ஒன்பதாவது நொடியில் எழுந்ததையும். பிறகு எண்ணிய அறுபதையும் ஒவ்வொன்றாக மறுபடியும் எண்ணினார். நெஞ்சுக்குள் சுழலி ஒரே சீராகச் சுற்றிக்கொண்டிருந்தது. மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். அங்கே ஒன்றுமில்லை.

பருவம் முழுவதும், தினமும் காதை வைத்து, கண் மூடி, அவர் உருகி உருகிக் கேட்டது தன்னையேதான்.

போன கடற்காக்கைகள் திரும்பி வந்தன. அவர் எழுந்து வடிவின் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். குனிந்து கண்ணாடியில் காதை வைத்தார். இந்தத் தடவை எதுவும் சொல்லவில்லை. மேல்தளத்துக் கம்பியோரம் அன்று சாயங்காலம் அவள் அவ்வளவு நேரம் வாய் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்த துடிப்பு, பெரிதாக, நிதானமாக, தன் பாட்டுக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.