ஃபெரியில் நின்றவள்

புஷ்பராணி அந்த ஃபெரிக் கப்பலை ஆளில்லாமல்தான் வரைந்திருந்தாள். திங்கட்கிழமை காலை வந்து பார்த்தபோது மேல்தளத்துக் கம்பியோரம் ஒரு பெண் நின்றாள். முதுகைக் காட்டியபடி, சாம்பல் நிறச் சேலையில், கட்டைவிரல் உயரத்தில்.

பர்மா ரோட்டில் இருந்த அந்தப் பழைய பங்களாவில் மூன்று வாரமாகப் பிள்ளைகளுக்கான டிவி தொடர் ஒன்றைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். விஞ்ஞானி ஒருவர் தகரப் பெட்டி இயந்திரத்தைத் திருகுவார். சுவரிலுள்ள ஓவியங்கள் உயிர் பெறும். பிள்ளைகள் உள்ளே போய்ச் சாகசம் செய்துவிட்டு வருவார்கள். ஓவியங்கள் அத்தனையும் புஷ்பராணி வரைந்தவை. பள்ளிக்கூடத்தில் ஓவிய டீச்சராக இருந்தவள், எண்பத்தாறாம் ஆண்டின் கடைசி விடுமுறை முழுவதையும் இதற்கே கொடுத்திருந்தாள். ஹாலின் ஒரு சுவரையே அடைத்து நின்றது துணியில் வரைந்த இந்தத் துறைமுகப் படம்: கரையோரம் கட்டிய ஃபெரி, சாம்பல் கடல், எதிர்க்கரையில் மங்கலாகப் பட்டர்வொர்த் ஊர்.

"என் படத்துல கை வச்சது யாரு?"

விளக்குகளைப் பொருத்திக்கொண்டிருந்த ராமதாஸ் திரும்பிப் பார்த்தான். "எனக்கு நேரா ஒரு கோடு போட வராது டீச்சர்."

டைரக்டர் குலசேகரம் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். "நல்லாத்தானே இருக்கு. விடுங்க லா டீச்சர்."

அந்த 'விடுங்க லா' அவளுக்குப் புதிதல்ல. வாழ்நாள் முழுக்க யாராவது ஒருவர் அவளிடம் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். சாம்பல் வண்ணத்தைக் குழைத்து அந்தப் பெண்ணின் மேல் அழுத்திப் பூசினாள். பூசும்போதுதான் கவனித்தாள்: சேலை மடிப்புகளில் தூரிகை இடப்பக்கம் சாய்ந்து இழுபட்டிருந்தது. அவளுடைய சொந்தப் பழக்கம் அது. காப்பியடிக்கிறார்களா?

செவ்வாய்க்கிழமை அந்தப் பெண் மறுபடி நின்றாள். ஒரு சாண் உயரம். இப்போது பாதி திரும்பியிருந்தாள்.

புதன்கிழமை மதியம் மழை பிடித்துக்கொண்டது. சந்திரிகா, ஒன்பது வயது, தொடரின் கதாநாயகி, சிவப்பு கவுனில் படத்தின் மேல் கையை வைத்து நிற்க வேண்டிய காட்சி. 'கட்' சொன்னதும் அவள் ஓடிவந்து புஷ்பராணியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டாள்.

"டீச்சர், படத்துல இருக்கிற அந்த ஆன்ட்டி என் கையப் புடிச்சாங்க. விட மாட்டேன்னாங்க."

மணிக்கட்டைச் சுற்றி ஈரச் சாம்பல் வண்ணத்தில் நான்கு விரல் தடங்கள். புஷ்பராணி துணியால் துடைத்தாள். அடியில் தோல் கன்றி வீங்கியிருந்தது.

அவள் குலசேகரத்திடம் போய் நின்றாள். "இங்க இருக்கிற ஆம்பளைங்கள்ல யாரோ பிள்ளையோட கையை முறுக்கியிருக்காங்க. வண்ணக் கையோட."

"சின்னப் பிள்ளை டீச்சர். கதையையும் நெஜத்தையும் கொழப்பிக்குது."

"வீக்கமும் கதையா?"

"இன்னும் நாலு சீன் இருக்கு," என்று அவர் கேமராப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஐந்து மணிக்கு ராமதாஸ் பிள்ளைகளை வேனில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டான். டைரக்டரின் காரும் போனது. புஷ்பராணி மட்டும் போகவில்லை. கதவுகளைத் தாழிடாமல் சாத்தி, படத்துக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, மடியில் வண்ணம் சுரண்டும் கத்தியோடு உட்கார்ந்தாள். வருகிறவன் வரட்டும். கையும் களவுமாகப் பிடித்து, போலீஸ் வரைக்கும் இழுத்துக்கொண்டு போகாமல் விடுவதில்லை.

மழைத் தண்ணீர் கூரையின் மூலையிலிருந்து சிமெண்டுத் தரையில் சொட்டும் ஓசையும், அணைத்த விளக்குகளின் தகரம் குளிர்ந்து டக் டக்கென்று சுருங்கும் ஓசையும், ரோட்டில் எப்போதாவது தண்ணீரைக் கிழித்துப் போகும் காரின் இரைச்சலும் தவிர வேறெதுவும் இல்லை. வண்ணம் கரைக்கும் டர்பன்டைன் நாற்றம் ஹாலெங்கும் படிந்திருந்தது. மெல்ல மெல்ல அதன் அடியிலிருந்து வேறொரு நாற்றம் ஏறியது. டீசல். கடற்சேறு. பாசி பிடித்த கயிறு.

ஜன்னலில் வெளிச்சம் வடிந்தது. அவள் கண்ணை எடுக்கவில்லை.

போன் அடித்தது. நடைவழிக்குப் போய் எடுத்தாள்.

"டீச்சர், ராமதாஸ் பேசுறேன்." அவனுக்கு மூச்சு வாங்கியது. "சந்திரிகா வேன்ல இல்ல. வீட்டு வாசல்ல வந்துதான் பார்த்தேன். அங்க இருக்காளா?"

"எண்ணிப் பார்த்து ஏத்த மாட்டியா நீ?"

"ஏறினா டீச்சர். நான் பார்த்தேன். சீட்டு மட்டும் ஈரமா இருக்கு. உப்புத் தண்ணி மாதிரி."

ரிசீவர் கையிலிருந்து நழுவித் தொங்கியது. ஹாலுக்கு ஓடினாள்.

ஃபெரியின் தளத்தில் இரண்டு பேர். சாம்பல் சேலைக்காரி இப்போது நேராகப் பார்த்தாள். முகம் இருந்த இடத்தில் சுரண்டிவிட்ட வெறும் துணி. அவள் பிடியில் ஒரு சிறிய மணிக்கட்டு. சிவப்பு கவுன். திறந்த வாய். வண்ணம் இன்னும் ஈரம்.

"விடுடி அவளை."

கைமுட்டியால் படத்தைக் குத்தினாள். துணி அதிர்ந்தது. வெறும் துணிதான். படத்தில் ஃபெரியைக் கட்டியிருந்த கயிறு இல்லை. ஃபெரிக்கும் கரைக்கும் நடுவே ஒரு கோடு தண்ணீர். பார்க்கப் பார்க்கக் கோடு விரிந்தது.

கத்தியை ஓங்கினாள். ஓங்கிய கை நின்றது. கிழித்தால் பிள்ளை எங்கே போவாள்?

தூரிகையை எடுத்தாள். பழுப்பு வண்ணத்தை அள்ளினாள். கரையிலிருந்து ஃபெரியை நோக்கி ஒரு பலகை வரைந்தாள். இன்னொன்று. இன்னொன்று. பல்லைக் கடித்துக்கொண்டு, அழுதுகொண்டு, குலசேகரத்தை, ராமதாஸை, கதவடைத்துக் காவல் இருந்த தன்னையே திட்டிக்கொண்டு வரைந்தாள். பலகைகள் கடலுக்குள் நீண்டன. ஃபெரியைத் தொட்டன.

ஃபெரி நின்றது.

"சந்திரிகா, ஓடி வா. டீச்சர் இங்க இருக்கேன்."

சிவப்புப் புள்ளி அசையவில்லை. அதன் பக்கத்தில் சேலைக்காரி இல்லை. கம்பியோரம் காலி.

பாலத்தின் மறுமுனைப் பலகையில் ஓர் ஈரக் காலடி. பெரிய காலடி. புஷ்பராணி வரையாதது.

அடுத்த பலகையில் ஒன்று.

அதற்கடுத்ததில்.

இந்தப் பக்கம் பார்த்து.