மேசைமேல் விரித்த துணி

"வளையல் போனாப் போகட்டும் சார். காவலாளி அண்ணன் உள்ள இருக்காரு, அதான் தாங்கல," என்றாள் மொழிபெயர்ப்பு ஆபீஸ்காரி. அது அவள் அப்பா விட்டுப்போன அறை, அவர் விட்டுப்போன தொழில். பீரோவிலிருந்த அம்மாவின் வளையல்கள் ராத்திரியோடு காணோம். ஜன்னலடி மேசையில் விரித்திருந்த துணிமேல் சேற்றுச் செருப்புத் தடம். அது காவலாளியின் செருப்போடு அச்சாகப் பொருந்தியதால் போலீஸ் அவரைக் கொண்டுபோய்விட்டது.

துப்பறிகிறவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். கூட வந்த உதவியாளுக்குப் பேர் அவசரம்.

"செருப்பே சொல்லிடுச்சே, அப்புறம் நமக்கென்ன வேலை?" என்றான் அவசரம்.

"செருப்புக்கு வாய் முளைச்சா உன்னை மாதிரிதான் பேசும். சும்மா இரு." நிதானம் துணியைத் தடவினார். முரட்டுக் கம்பளி. "இந்த வெயில்ல மேசைக்குக் கம்பளியாம்மா?"

"அப்பாவோட கிறுக்கு சார். பீரோங்கிறது பிரெஞ்சு சொல்லாம். முதல்ல இந்த மாதிரி முரட்டுத் துணிக்குத்தான் அந்தப் பேராம். அப்புறம் துணி விரிச்ச மேசைக்கு, மேசை போட்ட அறைக்கு, கடைசியில ஆபீஸுக்கே. நம்மகிட்ட வந்து இரும்பு அலமாரியா நின்னுடுச்சும்பாரு. அதனால துணிய விரிச்சாத்தான் எங்களுக்கு ஆபீஸ் திறந்த மாதிரி. சாத்தும்போது மடிச்சு நாற்காலியில வெச்சுடுவேன். அப்புறம் காவலாளி அண்ணன் விளக்கணைப்பாரு."

"அன்னைக்கும் மடிச்சீங்களா?"

"மடிச்சேன் சார்."

"காலையில முதல்ல வந்தது யாரு?"

"நான்தான்," என்றான் ஓரமாக நின்ற அவள் தம்பி. "ஜன்னல் திறந்து கிடந்துது. எதையும் தொடல. உடனே அக்காவக் கூப்பிட்டேன்."

"தினமும் நீங்கதான் முதல்ல வருவீங்களா?"

"இல்ல சார். வெயில் ஏறினப்புறம் வருவேன், சாயங்காலத்துக்குள்ள கிளம்பிடுவேன்."

நிதானம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மடிச்ச துணியத் திருடன் எதுக்கு விரிக்கணும்? வெறும் பலகையில மிதிச்சுட்டுப் போயிருப்பான். காவலாளி தினம் ராத்திரி வெறும் மேசையப் பார்க்கிறவரு. பகல்ல மட்டும் வர்ற ஆள்தான், இது எப்பவும் விரிச்சே இருக்கும்னு நினைப்பான். எல்லாம் வழக்கம்போல இருக்கட்டும்னு விரிச்சு, வாசல்ல காவலாளி கழட்டிப் போட்டிருந்த சேத்துச் செருப்ப எடுத்து அழுத்திட்டான். பகல்ல பார்த்த பழக்கத்துல உங்களுக்கும் உறுத்தல. செருப்பு காவலாளியோடது. அழுத்தின கை வேற."

தம்பி முன்னால் வந்தான். "அக்கா... திருப்பித் தந்துடறேன்க்கா."

அவள் கத்தவில்லை. "அப்பா போனதுலேருந்து ஒரு நாளாவது ஆபீஸ் சாத்துற வரைக்கும் என்கூட இருந்திருக்கியாடா?"

அவள் நிதானம் பக்கம் திரும்பினாள்.

"வாங்க சார், ஸ்டேஷனுக்குப் போவோம். அண்ணனை வெளிய கொண்டுவரணும்."

மத்தியானம்கூட ஆகவில்லை. சேறு உள்ளே போகும்படி துணியை நாலாக மடித்து நாற்காலியில் வைத்தாள். அவள் அந்தத் துணியை மடிப்பதைத் தம்பி அன்றுதான் முதல்முறை பார்த்தான்.