அத்தைக்குப் போடாத போன்

சங்கரேஸ்வரிக்கு மழை பிடிக்கும். அதிலும் பள்ளிக்கூடத்தை மூடவைக்கிற மழை என்றால் ரொம்பப் பிடிக்கும்.

அன்று பெய்தது அப்படிப்பட்ட மழைதான். தாராவியின் தகரக் கூரைகள் எல்லாம் விடாமல் தடதடத்தன. சங்கரியின் வீடு மாடியில் ஒற்றை அறை. குறுகலான இரும்புப் படிக்கட்டில் ஏறித்தான் அதற்கு வரவேண்டும். மத்தியானத்துக்குள் கீழ்ப்படி இரண்டும் தண்ணீருக்குள் போய்விட்டன.

அப்பா டெம்போவில் சரக்கு ஏற்றிக்கொண்டு நாசிக் போயிருந்தார். அம்மா பிரபாவதிக்குச் செம்பூரில் ஒரு துணிக்கடையில் வேலை. தூறலாக இருந்தபோதே கிளம்பிப் போனவர், அங்கேயே மாட்டிக்கொண்டார். அங்கிருந்து போன் செய்தார்.

"ஏட்டி சங்கரி, பஸ் ஒண்ணும் ஓடலை. சயான்ல இடுப்பளவு தண்ணியாம். நான் கடையிலேயே இருக்கேன். பயமா இருந்தா பக்கத்து ரூம்ல நூர் நிஷா அக்காகிட்ட போயி இரு, என்ன?"

"சரிம்மா."

"பொறவு, இசக்கி அத்தைக்கு ஒரு போன் போடு. இங்கேருந்து லைன் கிடைக்க மாட்டேங்குது. அது பள்ளமான எடம். காலுல கட்டோட தனியா என்ன செய்யுதாவளோ."

"போடுதேன்மா."

"மறந்துராதட்டி."

இசக்கியம்மாள் அத்தை அப்பாவின் அக்கா. மாதுங்கா மார்க்கெட்டில் பூக்கட்டி விற்பவர். போன மாதம் அங்கே ஈரப்படியில் வழுக்கி விழுந்ததில், பாதத்திலிருந்து முழங்கால்வரை மாவுக்கட்டு. சாக்கடைத் தண்ணீர் ஓடும் நாலாவின் ஓரத்துச் சந்தில், தரைத்தள அறையில் இருந்தார்.

சங்கரிக்கு அத்தையைப் பிடிக்கும். ஆனால் அத்தைக்குப் போன் போட்டால் லேசில் வைக்கமுடியாது. என்ன சாப்பிட்டாய் என்று ஆரம்பிப்பார். என்ன குழம்பு, யார் வைத்தது, உப்பு சரியாக இருந்ததா என்று போய், கடைசியில் பதினாறாம் வாய்ப்பாட்டில் வந்து நிற்பார்.

போன் விளையாட்டில் ஒரு குரங்கு மரத்துக்கு மரம் தாவிப் பழம் பறித்துக்கொண்டிருந்தது. இந்த ஒரு ஆட்டம் முடியட்டும், போடலாம் என்று நினைத்தாள் சங்கரி.

அந்த ஆட்டம் முடிந்தது. அடுத்ததும் முடிந்தது. மறுபடி அம்மா அழைத்தார்.

"அத்தைகிட்ட பேசுனியாட்டி?"

"பேசிட்டேன்மா."

வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எப்படி இருக்காவ? தண்ணி வந்துட்டாமா?"

ஒரு பொய்யோடு முடியும் என்றுதான் சங்கரி நினைத்திருந்தாள். இப்போது இன்னொன்று தேவைப்பட்டது.

"பக்கத்து வீட்டு மாடிக்குப் போயிட்டாங்களாம்மா."

"அப்பாடி! இப்பத்தான் எனக்கு மூச்சே வருது. நீ என் தங்கம்லா!"

அம்மா அப்படியெல்லாம் எளிதில் கொஞ்சமாட்டார். சங்கரிக்கு முகம் சூடானது. உடனே அத்தைக்குப் போன் போட்டுவிட வேண்டும் என்று எண்ணை எடுத்தாள். அதற்குள் கீழேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள்.

கீழ்த்தளத்தில் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் இஜாஸ் அண்ணனும், அவனுடைய கூட்டாளி கிருஷ்ணாவும் தொடையளவு தண்ணீரில் நின்றார்கள். கையில் நீளமான கயிறு.

"சங்கரி! உங்க அத்தை நாலா சந்துலதானே இருக்காங்க? அந்தச் சந்து ஆளுங்களை ஸ்கூல் மாடிக்குக் கூட்டிட்டுப் போறோம்."

சங்கரி வாயைத் திறப்பதற்குள், பக்கத்து அறை வாசலிலிருந்து நூர் நிஷா அக்கா பதில் சொன்னார்.

"அவங்க முன்னமே மாடிக்குப் போயிட்டாங்களாம் தம்பி. பிரபாக்கா இப்பத்தான் எனக்குப் போன்ல சொன்னாங்க. இவதான் அத்தைகிட்டப் பேசினாளாம்."

"அப்படியா சங்கரி?"

அவள் சொன்ன பொய், செம்பூர்வரை போய், சுற்றிக்கொண்டு அவளிடமே திரும்பி வந்திருந்தது. இல்லை என்று சொல்ல அது நல்ல நேரம்தான். ஆனால் அக்கா பார்த்துக்கொண்டிருந்தார். சங்கரி தலையை ஆட்டினாள்.

"அச்சா. அப்போ அந்த வீட்டுக்குப் போகவேண்டாம்" என்று சொல்லிவிட்டு இருவரும் போனார்கள்.

சங்கரி உள்ளே ஓடி அத்தையின் எண்ணை அழுத்தினாள். 'நீங்கள் அழைக்கும் எண் அணைத்து வைக்கப்பட்டுள்ளது' என்று இந்தியில் ஒரு பெண் குரல் சொன்னது. மறுபடி அழுத்தினாள். அதே குரல்.

மின்விசிறி நின்றது. கரண்ட் போய்விட்டது. வெளியே எட்டிப் பார்த்தாள். மூன்றாவது படியையும் காணோம். இங்கேயே இவ்வளவு என்றால், நாலா ஓரத்தில்?

அத்தை உண்மையாகவே மாடிக்குப் போயிருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். மாவுக்கட்டுக் காலோடு எப்படிப் போவார்? 

இஜாஸ் அண்ணன் திரும்பி வந்தபோது அவள் படிக்கட்டின் மேல் நின்றிருந்தாள்.

"எல்லாரையும் கொண்டுபோய் விட்டாச்சு. சந்து காலி" என்றான் அவன்.

"எங்க அத்தை?"

"வீட்டுக் கதவு சாத்தியிருந்துச்சு. அக்கம்பக்கத்துல கேட்டாங்க, மாடிக்குப் போயிட்டாங்கன்னு நான்தான் சொன்னேன்."

"ஒருதடவை... ஒருதடவை பார்த்துட்டு வர்றீங்களா அண்ணே?"

"மாடியில இருக்கிறவங்களை எதுக்குப் பார்க்கணும்? தண்ணி வடியட்டும், நானே உன்னைக் கூட்டிட்டுப் போறேன்."

அவன் பட்டறைக்குள் போகத் திரும்பினான். இனிமேல் உண்மையைத் தவிர வேறு வழி இல்லை என்று சங்கரிக்குத் தெரிந்துவிட்டது.

"நான் பேசலை" என்றாள். மழைச் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை.

"நான் அத்தைகிட்டப் பேசவே இல்லை! பொய் சொன்னேன்!"

இந்தத் தடவை எல்லாருக்கும் கேட்டது. எதிர் மாடியில் வாளி வைத்துக் கூரை ஒழுக்கைப் பிடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். நூர் நிஷா அக்கா வாயில் கைவைத்தார்.

இஜாஸ் அண்ணன் திட்டவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்தான். அவ்வளவுதான். "சலோ கிருஷ்ணா, கயிறை எடு" என்றான்.

அந்தப் பார்வையில் அங்கேயே உட்கார்ந்து அழவேண்டும்போல இருந்தது சங்கரிக்கு. ஆனால் இப்போது அழுதால் அத்தைக்கு என்ன லாபம்?

"கயிறு மட்டும் போதாதுண்ணே! அத்தையால நடக்கமுடியாது. நாற்காலி கொண்டுபோங்க, கைவச்ச நாற்காலி. அதுல உட்காரவச்சுத் தூக்கிரலாம். அப்புறம், கதவைத் தட்டிட்டு நிக்காதீங்க. அவங்களால வந்து திறக்கமுடியாது. பின்பக்கம் அடுப்படி ஜன்னல் இருக்கு. அதுக்குக் கொக்கி இல்லை. தள்ளினாத் திறந்துக்கும்."

கிருஷ்ணா பட்டறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கித் தலையில் கவிழ்த்துக்கொண்டான்.

"நானும் வரட்டுமா?"

"வேண்டாம். சாக்கடை மூடி எங்க திறந்து கிடக்குன்னு எங்களுக்கே தெரியலை. உன்னை வேற தேடமுடியாது" என்று சொல்லிவிட்டு இஜாஸ் அண்ணன் போனான்.

காத்திருப்பது இவ்வளவு கஷ்டம் என்று சங்கரிக்கு அதுவரை தெரியாது. நூர் நிஷா அக்கா டீ கொடுத்தார். அது ஆடை கட்டி ஆறிப்போனது.

கடைசியில், சந்து முனையில் நாற்காலி தெரிந்தது. சப்பரத்தில் வருகிற அம்மன்போல அத்தை அதில் உட்கார்ந்திருந்தார். இஜாஸ் அண்ணனும் கிருஷ்ணாவும், வழியில் சேர்ந்துகொண்ட இன்னும் இருவருமாகத் தூக்கிவந்தார்கள். மாவுக்கட்டின் மேல் பூ அள்ளும் பிளாஸ்டிக் பை சுற்றியிருந்தது. இடுப்புக்குக் கீழே சேலை நனைந்து ஒட்டியிருந்தது.

படிக்கட்டில் நாற்காலி நுழையவில்லை. அத்தை ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாக உட்கார்ந்து உட்கார்ந்தே மேலே ஏறினார். "ஒருத்தரும் சிரிக்கக்கூடாது, சொல்லிட்டேன்!" என்று மிரட்டினார். யாரும் சிரிக்கவில்லை. அவர் உதடுகள் குளிரில் நீலமாகியிருந்தன.

சங்கரி துண்டையும் அம்மாவின் உலர்ந்த சேலையையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவளால் அத்தையின் முகத்தைப் பார்க்கமுடியவில்லை.

"முதல்ல கட்டில்ல இருந்தேன். அதுவும் முங்கவும் அடுப்பு மேடையில ஏறிட்டேன். போன் தண்ணிக்குள்ள போயிட்டு" என்றார் அத்தை. "பசங்க சத்தம் சந்து முனையில கேட்டுச்சுட்டி. தொண்டை கிழியக் கத்துனேன். மழையில கேக்கலை போல. அப்படியே திரும்பிப் போயிட்டாவ. சரி, இந்த இசக்கியை எல்லாரும் மறந்துட்டாவன்னு..."

அத்தை முடிக்காமல் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சங்கரியின் போன் சார்ஜ் தீர்ந்து அணைந்திருந்ததால், அப்போது நூர் நிஷா அக்காவின் போனில் அம்மா அழைத்தார். அத்தை வந்துவிட்டதைச் சொல்லிவிட்டு, அக்கா அதை எல்லாருக்கும் கேட்கும்படி வைத்தார்.

"மதினி, நம்ம வீட்டுக்கு வந்துட்டியளாமே! மாடியில இருக்கியன்னு சங்கரி சொன்னாளே. உங்ககிட்டப் போன்ல பேசினாளாமே?"

அத்தை சங்கரியைப் பார்த்தார். சங்கரி தரையைப் பார்த்தாள். வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த இஜாஸ் அண்ணன் தன் தம்ளரையே பார்த்தான்.

"ஆமா பிரபா" என்றார் அத்தை மெதுவாக. "பிள்ளை பேசுனா. பொறவு தண்ணி கூடிட்டு, அதான் இங்க வந்துட்டேன்."

அதோடு முடிந்திருக்கும். அம்மாவுக்குத் தெரியவே போவதில்லை. ஆனால் தண்ணீருக்குள் அத்தனை நேரம் கிடந்துவிட்டு, நடுங்கிக்கொண்டே அத்தை தனக்காகப் பொய் சொல்கிறார் என்று நினைத்தபோது, படிக்கட்டில் நின்று கத்தியதைவிட இதுதான் அதிகம் வெட்கமாக இருந்தது.

"அம்மா" என்றாள் சங்கரி. "அத்தை என்னைக் காப்பாத்தறதுக்காகச் சொல்லுதாங்க. நான் போனே போடலை. கேம் ஆடிட்டு இருந்தேன். அத்தை தனியாத் தண்ணிக்குள்ள இருந்தாங்க."



"நான் வந்து உங்கிட்டப் பேசுதேன்" என்றார் அம்மா. குரல் வேறு யாருடையதோபோல இருந்தது. போன் நின்றது.

"நான் சமாளிச்சிருப்பேன்லாட்டி?" என்றார் அத்தை.

"வேண்டாம் அத்தை" என்றாள் சங்கரி. "நீங்க கத்தினப்போ நான் இங்கதான் இருந்தேன்."

அத்தை பரவாயில்லை என்று சொல்லவில்லை. நகர்ந்து பக்கத்தில் இடம் விட்டார். சங்கரி போய் உட்கார்ந்தாள். அத்தையின் கை ஐஸாகக் குளிர்ந்தது. அதைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

கொஞ்சநேரம் கழித்து அத்தை பெருமூச்சு விட்டார். "கோவண்டியில சுயம்பு அண்ணன் வீட்டுலயும் தண்ணி ஏறியிருக்குமோ என்னமோ."

சங்கரி எழுந்தாள். "அக்கா, உங்க போனைத் தருவீங்களா?"

அத்தை சொன்ன எண்ணை அழுத்தினாள். முதல்தடவை லைன் கிடைக்கவில்லை. இரண்டாவது தடவையும் இல்லை. சிக்னலுக்காக ஜன்னலோரம் போய், சாரல் முகத்தில் அடிக்க நின்றபடி விடாமல் அழுத்தினாள். கடைசியில் மணி அடித்தது.

"ஹலோ, யாரு?"

"பெரியப்பா, நான் சங்கரி. உங்க வீட்டுக்குள்ள தண்ணி வந்துட்டா? பெரியம்மா எங்க? நீங்க இப்ப எங்க நின்னு பேசுதீங்க?"

"ஏட்டி, என்ன போலீஸ்காரி மாதிரி கேள்வியா கேக்க!" என்று சிரித்தார் பெரியப்பா.

சங்கரி சிரிக்கவில்லை.

"ஒண்ணொண்ணா சொல்லுங்க பெரியப்பா" என்று போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டாள். "நான் கேட்டுட்டே இருக்கேன்."