பத்து... ஒன்பது... எட்டு...

"ஐயோ... யாராவது ஓடி வாங்களேன்!"

அலறல் மாடிப்படிகளில் தடதடவென்று இறங்கித் தெருவுக்கே வந்துவிட்டது.

காலை ஒன்பது இருபத்தைந்து.

எதிர்க்கடை டெய்லர் கழுத்தில் தொங்கிய டேப்போடு மூச்சிரைக்க மேலே ஓடினார்.

இரண்டாவது மாடி. திறந்த கதவு.

பாத்ரூம் வாசலில் குப்புறக் கிடந்தார் சர்வேயர். எழுபத்தொரு வயது. பின்மண்டையில் ரத்தம்!

பக்கத்தில் ஒரு பித்தளைத் தூக்குக்குண்டு. அவர் நிலம் அளந்த காலமெல்லாம் அவர் பையிலேயே இருந்தது. இன்று அவர் தலையிலேயே இறங்கியிருந்தது.

அருகே மண்டியிட்டு அலறிக்கொண்டிருந்தவர் வக்கீல் குமாஸ்தா.

"உயிர் இருக்கா?" என்றார் டெய்லர்.

"தெரியலையே... எனக்குக் கையெல்லாம் உதறுது... நீங்களே பாருங்க!"

டெய்லர் மூக்கருகே விரல் வைத்தார்.

இருந்தது!

பதினோரு மணி.

சர்வேயர் ஆஸ்பத்திரியில். நினைவு திரும்பவில்லை.

அவர் வீட்டு முன்னறையில் இன்ஸ்பெக்டர் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பேனா. அதன் பொத்தானை 'டிக்... டிக்...' என்று அமுக்கிக்கொண்டே நடந்தார். அந்தச் சத்தம் எல்லோருடைய நெஞ்சிலும் கேட்டது.

ஜன்னலோரம், சேதி கேட்டுத் தன் வீட்டிலிருந்து ஓடி வந்திருந்த சர்வேயரின் மகள். அழுது வீங்கிய கண்கள். சோபாவில் குமாஸ்தா. கம்ப்யூட்டருக்கு முன்னால், கைப்பையை மார்போடு அணைத்தபடி, நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. தெருமுனையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவள். தெருவே அவளை 'சிஸ்டம் அக்கா' என்றுதான் கூப்பிடும்.

"ஏம்மா... காலைல இந்த வீட்டுக்கு வந்தீங்கதானே?"

"ஆமா சார். எட்டு மணிக்கு வந்தேன். எட்டரைக்கு கரண்ட் போச்சு, கிளம்பிட்டேன். ஐயா வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார்."

"அதை அவர் சொல்லணும். அவரோ பேசுற நிலைமையில இல்ல. உங்களுக்கு ரொம்ப வசதியாப் போச்சு!"

"சார்... அக்கா அப்படிப்பட்டவங்க இல்ல," என்றாள் மகள்.

"அப்படிப்பட்டவங்க யாரும் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வர்றதில்லம்மா."

டிக்... டிக்...

இன்ஸ்பெக்டர் பாக்கெட்டிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"ஒன்பது இருபதுக்கு இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்து கோர்ட்டுக்கு ஒரு மெயில் போயிருக்கு. 'நான் முன்பு தந்த மேப் தவறு. இத்துடன் இருப்பதே சரி.' கீழ சர்வேயர் பேரு. மத்தியானம் ரெண்டு மணிக்குக் கேஸ். முப்பது வீட்டுக்காரங்க நடக்குறது பொதுப் பாதையா, தனியார் பாதையான்னு இவர் மேப்தான் சொல்லணும். மண்டை உடைஞ்சு கிடந்த மனுஷன் எப்படிம்மா மெயில் அனுப்புவார்?"

"நான் சொல்றேன் சார்." குமாஸ்தா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். "மேப் பிரிண்ட் வாங்கிட்டு வரச்சொல்லி வக்கீல் அனுப்பினார். வரும்போது ஒன்பது பத்து. டெய்லர்கூட பாத்தார். 'ஐயா'ன்னு கூப்பிட்டேன். பதில் இல்ல. பக்கத்துல எங்கயாவது போயிருப்பார்னு இதே சோபாவுல உக்காந்தேன். ஒன்பதே காலுக்கு கரண்ட் வந்துச்சு. வந்ததுதான் தாமதம்... இந்தக் கம்ப்யூட்டர் தானா முழிச்சுக்கிச்சு! யாருமே தொடல சார்! எனக்குப் பக்குன்னு ஆயிடுச்சு. அப்புறம் கை கழுவலாம்னு போனா... அங்க ஐயா..."

குரல் உடைந்தது. மிகவும் அழகாக உடைந்தது.

இன்ஸ்பெக்டர் திரும்பினார்.

"தானா ஆன் ஆகுமா?"

"ஆகும் சார்."

"அப்படி வெச்சது யாரு?"

"நான்தான்."

மகள் திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

"சுவிட்ச் டேபிளுக்கு அடியில இருக்கு சார். ஐயா குனிஞ்சா தலை சுத்தும். அதான் கரண்ட் வந்தா தானா எழுந்துக்கிற மாதிரி வெச்சேன்."

"அடடா... என்ன கரிசனம்! சரி, ஒத்த மனுஷனுக்கு எதுக்கும்மா ரெண்டு சிஸ்டம்? ஒரே கம்ப்யூட்டருக்குள்ள ரெண்டு குடித்தனம்! ஒண்ணு ஊருக்குக் காட்ட, இன்னொண்ணு திருட்டு வேலைக்கா?"

"இல்ல சார். ஐயா மேப் எல்லாம் பழைய சாஃப்ட்வேர்ல போட்டது. அது பழைய சிஸ்டத்துலதான் ஓடும். அதை வெச்சுக்கிட்டு இன்டர்நெட் பக்கம் போனா ஆபத்து. அழிக்கவும் அவருக்கு மனசில்ல. அதான் ஹார்ட் டிஸ்க்கைப் பிரிச்சு, பழசைத் தொடாம ஒரு பக்கம் விட்டுட்டு, இன்னொரு பக்கம் புதுசைப் போட்டேன். மேப் பழசுல. மெயில் புதுசுல. ஆன் பண்ணா ஸ்கிரீன்ல ரெண்டு வரி வரும். எது வேணுமோ அதை எடுத்துக்கலாம்."

"எனக்குத் தெரியும் சார்!" குமாஸ்தா துள்ளினார். "எங்க ஆபீஸ்லயும் இவங்கதான் இப்படிப் போட்டுக் குடுத்தாங்க. நாம எதுவும் தொடலைன்னா அதுவே ஒண்ணை எடுத்துக்கிட்டு உள்ள போயிடும். உள்ள போனதும் மெயில் போற மாதிரி முன்னாடியே செட் பண்ணியிருக்காங்க. ஐயா தலையில ஒரு போடு! கம்ப்யூட்டருக்கு ஒரு வேலை! நிம்மதியா கடைக்குப் போய் உக்காந்துட்டாங்க!"

பேனாவின் 'டிக்' நின்றது.

"பிரமாதமா பொருந்துதே!" இன்ஸ்பெக்டர் விரலை ஆட்டினார். "எழுந்திரும்மா. ஸ்டேஷனுக்குப் போவோம்."

சிஸ்டம் அக்கா எழுந்தாள். கடை பூட்டாமல் கிடக்கிறது. நாலு மணிக்கு மகள் ஸ்கூலிலிருந்து வந்து வாசலில் நிற்பாள். அம்மா எங்கே என்று கேட்டால் தெரு என்ன பதில் சொல்லும்?

'ஆண்டவா... ஒருத்தருக்கு நல்லது நினைச்சது தப்பா?'

உதடு முணுமுணுத்தது. இரண்டடி நடந்தாள்.

சட்டென்று நின்றாள்.

குமாஸ்தா சொன்ன ஒரு வார்த்தை காதுக்குள் மறுபடி ஒலித்தது. 'நாம எதுவும் தொடலைன்னா...'

"சார்! அண்ணன்கிட்ட ஒரே ஒரு கேள்வி..."

"கேளுங்க. சீக்கிரம்!"

"அண்ணே, ரெண்டு வரி வந்துச்சுல்ல? அப்புறம் என்ன ஆச்சு? பாத்ததைப் பாத்தபடி சொல்லுங்க."

"என்ன ஆகும்? கீழ நம்பர் ஓடுச்சு. பத்து... ஒன்பது... எட்டுன்னு. எல்லாம் முடிஞ்சதும் உள்ள போயிடுச்சு."

"நம்பர் ஓடினதை நீங்களே பாத்தீங்களா?"

"இதோ இந்த ரெண்டு கண்ணால பாத்தேன்! சாமி சத்தியமா!"

குமாஸ்தா சாமியைக் கூப்பிட்டிருக்க வேண்டாம்.

கூப்பிட்டவுடன் வந்துவிட்டார்!

"சார்... பிளக்கைப் பிடுங்கிட்டு மறுபடி சொருகுங்க," என்றாள் சிஸ்டம் அக்கா.

இன்ஸ்பெக்டரே குனிந்தார். பிடுங்கினார். சொருகினார்.

கம்ப்யூட்டர் உறுமி எழுந்தது. கறுப்புத் திரையில் இரண்டே இரண்டு வரிகள்.

எல்லோரும் பார்த்தார்கள்.

பத்து வினாடி. கீழே எந்த எண்ணும் இல்லை.

முப்பது வினாடி.

ஒரு நிமிஷம்... இரண்டு நிமிஷம்...

டிக்... டிக்... டிக்... பேனாதான். வேறு எதுவும் அசையவில்லை. ஐந்து நிமிஷம் ஆனபோதும் அந்த இரண்டு வரிகளும் வைத்தது வைத்தபடியே நின்றன. குமாஸ்தாவின் கைக்குட்டை நனைந்திருந்தது. இந்தத் தடவை நிஜமாகவே!

"ரி... ரிப்பேர் போலிருக்கு..."

"ரிப்பேர் இல்லண்ணே." சிஸ்டம் அக்கா திரையைக் காட்டினாள். "உங்க ஆபீஸ்ல பத்து எண்ணும். இங்கேயும் நேத்து வரைக்கும் எண்ணுச்சு. ஐயாவுக்குக் கை நடுங்கும். விரலைக் கொண்டுபோய் கீமேல வைக்கிறதுக்குள்ள பத்தும் முடிஞ்சுடும். மூணு தடவை தப்பான சிஸ்டத்துக்குள்ள போயிட்டார். 'இதுவும் என்னை விட்டுட்டு முன்னாடி போகுதேம்மா'ன்னார். சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் ராத்திரி பூரா மனசு கேக்கல. காலைல வந்து எண்ணுறதையே நிறுத்திட்டேன். அதுக்குத்தான் சார் வந்தேன். ஒரு விரல் வந்து தொடுற வரைக்கும் இது காத்திருக்கும். வருஷக்கணக்கா ஆனாலும்!"



"அப்போ..." இன்ஸ்பெக்டர் நிதானமாகத் திரும்பினார். "ஒன்பதே காலுக்கு அப்புறம் இதைத் தொட்ட விரல் யாருதுய்யா? உன்னைத் தவிர ஒருத்தரும் படியேறலைன்னு டெய்லர் எழுதிக் குடுத்திருக்கார்!"

குமாஸ்தா கதவை நோக்கிப் பாய்ந்தார்.

கதவில் டெய்லர்!

இந்தத் தடவை கத்தரிக்கோலோடு வந்திருந்தார்.

குமாஸ்தா தரையில் அப்படியே உட்கார்ந்தார்.

"பாதை தன்னோடதுன்னு கேஸ் போட்ட இடத்துக்காரன் நல்ல வேலை போட்டுத் தர்றேன்னான் சார்... மேப்பை மாத்துங்கன்னு கேட்டேன், ஐயா கேக்கல. திரும்பி நடந்தார்... கைக்குக் கிடைச்சதை எடுத்து அடிச்சிட்டேன். கரண்ட் வந்ததும் ரெண்டு வரி வந்துச்சு, உடனே தட்டிட்டேன். பழைய சிஸ்டம் பாஸ்வேர்டு கேட்டுச்சு. மறுபடி ஆன் பண்ணி புதுசுக்குள்ள போனேன். அது எதுவும் கேக்கல..."

"நடுங்குற கையால எப்படி அடிப்பார்னு பாஸ்வேர்டு வைக்காம விட்டுட்டேன்," என்றாள் சிஸ்டம் அக்கா மெல்ல.

"அதுக்கு உங்களைத் திட்டணும்," என்றார் இன்ஸ்பெக்டர். "அப்புறமா திட்டுறேன்."

திடீரென்று குமாஸ்தா சிரித்தார்!

"பிடிச்சிட்டீங்க. இருக்கட்டும். ஆனா மேப் போயாச்சு! பாதையை அழிச்சுட்டுத்தான் அனுப்பினேன். ஓரத்துல ஐயா பேரு, தேதி எல்லாம் இருக்கு. முப்பது வீடும் சுவர் ஏறிக் குதிக்க வேண்டியதுதான்!"

மகளின் முகம் வெளுத்தது. "அக்கா..."

சிஸ்டம் அக்கா கீபோர்டுக்குப் பாய்ந்தாள். இரண்டாவது வரியைத் தட்டிப் புது சிஸ்டத்துக்குள் போனாள். போன மெயிலைத் திறந்தாள். அதோடு போன படத்தைப் பார்த்தாள்.

மறுபடி பார்த்தாள்.

வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"சார்... கேஸ் மேப் எல்லாம் பழைய சிஸ்டத்துலதான் இருக்கு. புதுசுல இருந்தது ஒரே ஒரு படம். ஐயா நேத்து வரைஞ்சு பழகினது. 'உங்களுக்கு வேணுங்கிற எதையாவது வரைங்க'ன்னேன். கட்டில்ல இருந்து பாத்ரூமுக்குப் போற வழியை வரைஞ்சார். எங்கெங்க கைப்பிடி மாட்டணும்னு அளந்து அளந்து..."

"அதுல பேரு, தேதியெல்லாம் எதுக்கு?"

"எங்கப்பா வடக்கு எதுன்னு குறிக்காம, பேரு போடாம ஒரு கோடுகூடப் போட மாட்டார் சார்," என்றாள் மகள்.

"அதைத்தான் இந்த அண்ணன் கேஸ் மேப்னு நினைச்சுட்டார்!" என்றாள் சிஸ்டம் அக்கா.

அப்போது மகளின் போன் அடித்தது.

"ஹலோ... ஆஸ்பத்திரியா? என்ன... அப்பா! அப்பா, நீங்களா பேசுறீங்க? சரிப்பா... சரி... சொல்றேன்ப்பா..." கண்ணீரோடு திரும்பினாள். "முழிச்சிட்டார்! பழைய சிஸ்டம் பாஸ்வேர்டு சொல்லியிருக்கார். அசல் மேப்பை ரெண்டு மணிக்குள்ள கோர்ட்டுல சேர்க்கணுமாம். அப்புறம் அக்கா... காலைல கரண்ட் போனதால உங்களுக்கு டீ போட்டுக் குடுக்க முடியலையாம். என்னைப் போட்டுக் குடுக்கச் சொல்றார்."

சிஸ்டம் அக்கா திரும்பிக்கொண்டாள். கைப்பையில் எதையோ வெகுநேரம் தேடினாள்.

இன்ஸ்பெக்டர் திரையிலிருந்த படத்தை உற்றுப் பார்த்தார். குமாஸ்தாவின் கையில் விலங்கு மாட்டினார்.

"யோவ்... நீ கோர்ட்டுக்கு அனுப்பின மேப்படி பாத்தா, இந்த வீட்டுல பாத்ரூமுக்குப் போக வழியே இல்லையேய்யா!"

குமாஸ்தா தலையைக் குனிந்தார்.

"கவலைப்படாதே... நீ போற இடத்துல அது ரூமுக்குள்ளேயே இருக்கு!"