மெத்தைக் கடையில் ஒரு சண்டை

"வாங்குறதா இருந்தா மட்டும் படுங்க மேடம்!"

அவ்வளவுதான்... அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது. வெளியே கொட்டோ கொட்டென்று மழை. நாள் முழுக்க வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருந்ததில் இடுப்பிலிருந்து குதிகால் வரை சுண்டி இழுக்கும் வலி. ஒதுங்க நுழைந்த கடையில், கண்ணில் பட்ட முதல் கட்டிலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சாய்ந்துவிட்டாள். அது ஒரு குற்றமா?

"முதல்ல அந்த போர்டைக் கழட்டுங்க!" படுத்தபடியே கையை நீட்டினாள். 'முதுகுவலிக்கு இனி விடுமுறை!' என்று சுவரில் ஒரு பலகை பல்லை இளித்தது. "என் முதுகெலும்புல ஸ்க்ரூ போட்டு முடுக்கியிருக்காங்க. ஆபரேஷன் பண்ண டாக்டராலயே வலியைப் போக்க முடியல, உங்க பஞ்சு போக்கிடுமா? எவன் எழுதினான் அதை?"

"நான்தான்..." என்றான் கடைக்காரன்.

மெத்தை பார்க்க வந்திருந்த தம்பதி நைசாக நழுவினார்கள். அவன் முகம் சிவந்தது. அந்த நேரத்திலும் 'இவன் கண்ணு என்ன அழகு' என்று நினைத்த தன் மனசை அவள் திட்டிக்கொண்டாள்.

"என்னைப் பாவம்னு மட்டும் பாக்காதீங்க!"

"பாவமா? வந்த வியாபாரத்தைக் கெடுத்துட்டீங்க... பத்திக்கிட்டு வருது எனக்கு!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு அப்புறம் எல்லாரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள், இல்லையென்றால் சந்தேகமாக. சரிக்குச் சரி சண்டை போட்டவன் இவன் ஒருத்தன்தான்.

மறுநாள் வந்தபோது பலகையைக் காணோம். ஆனாலும் சண்டை பாக்கி இருந்ததாம்! அதற்குப் பிறகு வேலை விட்டதும் தினமும் அதே கட்டில்... அரை மணி நேர வாய்ச்சண்டை.

ஒருநாள் அவளுடைய அக்கா தேடிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இங்கதான் படுத்துக் கெடக்கறியா? ஆபரேஷன் முடிஞ்சு ரெண்டு வருஷமாச்சு, ஸ்கேன்ல ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. எல்லாம் நடிப்பு! வீட்டு வேலைக்கு டிமிக்கி குடுக்க ஒரு சாக்கு... உன்னைக் கட்டிக்கப் போறவன் தலையெழுத்து!"

இன்னும் எத்தனை பேரிடம்தான் நிரூபிப்பது? இனி இவனும் நம்பமாட்டான்... அவளுக்குக் கண் தளும்பியது.

"அவங்க வலிக்குதுன்னா வலிக்குதுங்க!" கடையே அதிரக் கத்தினான் அவன். "எழுந்திருக்கும்போது பல்லைக் கடிக்கிறாங்களே, ஒரு தடவையாவது பாத்திருக்கீங்களா? ஸ்கேன்ல தெரியலன்னா அது ஸ்கேனோட குறை!"

அக்கா ஏதோ முணுமுணுத்தபடி குடையை விரித்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அவள் பல்லைக் கடித்து மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே சொன்னாள்.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு... இத்தனை நாளா எனக்காக நான் மட்டும்தான் கோவப்பட்டுக்கிட்டிருந்தேன். அலுத்துப்போச்சு. இந்த வலி போகுமான்னு தெரியாது... கூட இருந்து கோவப்படுவீங்களா? தினமும்?"

"ஞாயித்துக்கிழமையுமா?"

"அன்னிக்கு ரெண்டு மடங்கு!"

"சரி," என்றான் அவன். காது மடல் வரை சிவந்திருந்தது. "உங்களுக்காகக் கோவப்பட ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு... நீங்கதான் கவனிக்கல."